ஆவாரங்குளத்து மண்

சேசு மரி சூசை

அலகாபாத்
28-4-1957

அன்புள்ள தங்கை சகாயசெல்விக்கு, அண்ணன் கஸ்பார் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. தேவமாதா துணையால் நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை இருதயநாதனும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? பாஸ்கு திருநாளுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் தின்று நாக்கு செத்துப்போயிற்று.

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் குளத்துச் சேற்றை வைத்துப் பழைய காலத்து மழையையும் காற்றையும் கண்டுபிடிக்கிறவர். வருடாவருடம் காற்று கொண்டுவரும் தூசியும் பூந்தூளும் குளத்தில் விழுந்து அடுக்கடுக்காகப் படிந்துவிடும். ஆயிரம் வருடமானாலும் பூந்தூள் சேற்றுக்குள் மக்காது. எந்த அடுக்கில் எந்தத் திசை மரத்தின் தூள் இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணினால், அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மழை பெய்ததா பொய்த்ததா என்று சொல்லிவிடலாம். கொடைக்கானல் பக்கத்து மலைச்சேறு எங்களிடம் இருக்கிறது. சமவெளி மண் வேண்டும் என்றார். நான் யோசிக்காமல் உன் வீட்டைச் சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் குளத்துக் கரையை உள்ளே தள்ளிக் கட்டி, வெளியே விட்ட பழைய குளத்துப் பள்ளத்தில்தானே பாதி ஊர் குடியிருக்கிறது.

ரயில் பார்சலில் ஆறு தகரப் பெட்டிகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம். நம்பர் போட்டு, ‘ஆவாரங்குளம்’ என்று நானே சீட்டு ஒட்டியிருக்கிறேன். உன் வீட்டுக் கொல்லையில் மாப்பிள்ளையை ஆறடிக்கு ஒரு குழி தோண்டச் சொல். குழியின் சுவரில் மேலிருந்து கீழாகப் பெட்டிகளை அழுத்தி, மண்ணோடு அறுத்தெடுத்து, மூடி அனுப்ப வேண்டும். அம்புக்குறி மேல்பக்கம். அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லு.

பிரியமுள்ள அண்ணன்,
கஸ்பார்

*

சேசு மரி சூசை

ஆவாரங்குளம், திண்டுக்கல் வழி
26-5-1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சகாயசெல்வி தோத்திரம். இங்கே எல்லோரும் சர்வேசுரன் புண்ணியத்தில் நலம். எனக்குத்தான் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்ட மண் எடுத்தாகிவிட்டது. ஆறு பெட்டியும் நேற்று திண்டுக்கல் ஸ்டேஷனில் ஏற்றியாயிற்று. பார்சல் குமாஸ்தா உள்ளே என்ன என்று கேட்டார். மண் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆறடிக் குழியைப் பார்த்த ஊர்க்காரர்கள் யாருக்கு என்று கேட்டுவிட்டார்கள். மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்த எனக்கே உன் உத்தியோகத்தை விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. தோண்டியது கூலிக்கு வந்த ஒச்சப்பன். பெட்டியை நான் அழுத்திக் கொடுத்தேன். ஒரு அடுக்கும் கலையவில்லை.

அம்மாவைப் போய்ப் பார்த்து வந்தேன். முட்டுவலி தவிர நலம். “மண்ணுக்கு ரயில் டிக்கெட்டு எடுக்கிறான், பெத்தவளைப் பாக்க வர அவனுக்கு டிக்கெட்டு கிடைக்கலையாக்கும்” என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

உன் தங்கை,
சகாயசெல்வி

*

சேசு மரி சூசை

அலகாபாத்
7-7-1957

அன்புள்ள செல்விக்கு, அண்ணன் எழுதுவது. நான் சுகம். உன் வயிற்றுக்கோளாறு தேவலையா? இஞ்சிச் சாறு குடி.

பெட்டிகள் பத்திரமாக வந்தன. டாக்டரே திறந்து பார்த்து, இவ்வளவு ஒழுங்காக அறுத்தது யார் என்று கேட்டார். என் தங்கை என்றேன், பெருமையாக இருந்தது.

ஆனால் மண்ணில் ஒன்று இருக்கிறது. மேலிருந்து பதினான்கு அங்குலத்தில், சேற்றுக்கு நடுவே நாலு விரல் கனத்துக்குப் பருமணல். மூன்றடியில் இன்னொன்று. நின்ற தண்ணீர் சேற்றைத்தான் விட்டுப்போகும், செல்வி. மணலைக் கொண்டுவர ஓடுகிற தண்ணீர் வேண்டும், அதுவும் வேகமாக. அதாவது உன் வீடு இருக்கிற இடத்தில் இரண்டு தடவை கரை உடைந்து வெள்ளம் வந்திருக்கிறது. மேல் மணலுக்கு அடியில் தைலமரத்துத் தூள் கிடைக்கிறது. அது வெள்ளைக்காரன் மலையில் கொண்டுவந்து வைத்த மரம். ஆக, அந்த உடைப்பு நடந்து நூறு வருடம்கூட ஆகவில்லை.

இரண்டு மணலுக்கும் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சிவப்புத் தூசி. மேற்குக் காற்று கொண்டுவந்து கொட்டியது. இந்த வருடம் ஆடிக்காற்று எப்படி என்று மறக்காமல் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்,
கஸ்பார்

*

சேசு மரி சூசை

ஆவாரங்குளம்
28-7-1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. சும்மாதான் கேட்கிறேன் என்று நீ எழுதினால் சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? இடி இடித்தால் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்ட ஆள்தானே நீ.

காற்றா? கேட்காதே. சோற்றில் மண், பாலில் மண், ஜெபப்புத்தகத்தைத் திறந்தால் அதிலும் மண். கொடியில் போட்ட சேலையை குளத்து மடை திறக்கிற நீர்பாய்ச்சி பெரியகருப்பன் வீட்டு வேலியிலிருந்து எடுத்து வருகிறேன். “மூணு வருசமா வர வர மோசமால்ல அடிக்குது, இம்புட்டுக் காத்து நான் வாக்கப்பட்டு வந்த நாளா பாக்கலடி” என்கிறார் மாமியார். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் முழுகாமல் இருக்கிறேன், ஐந்தாம் மாதம். முந்தி இரண்டு தடவை கலைந்துபோனதால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. உன்னிடம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வாய் விட்டால் கண் பட்டுவிடும் என்று பயந்தேன். ஏழாம் மாதம் பாறைக்குளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போவேன். எனக்காக ஜெபமாலை சொல்லு.

உன் தங்கை,
சகாயசெல்வி

*

சேசு மரி சூசை

அலகாபாத்
11-8-1957

அன்புள்ள செல்விக்கு, உன் கடிதத்தைக் கண்டு கோயிலுக்குப் போய் மெழுகுதிரி வைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு இதை எழுத முடியவில்லை.

ஐந்தாவது பெட்டியில் மூன்றாவது மணல் இருக்கிறது. அதன் அடியிலும் சிவப்புத் தூசி. மூன்று தடவையும் ஒரே வரிசைதான். சில வருடம் பேய்க்காற்று, பிறகு உடைப்பு. டாக்டரைக் கேட்டேன். காற்று வருடங்களில் குளம் வற்றிக் கரை வெடிக்கும், வெடிப்புக்குள் எலியும் நண்டும் வளை போடும், தண்ணீர் இல்லாத குளத்தின் கரையை யாரும் மராமத்துப் பார்க்க மாட்டார்கள், பிறகு ஒரு ஐப்பசியில் மழை கொட்டினால் கரை தாங்காது என்றார். இதை அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். மூன்று வருடமாகக் காற்று என்று நீ எழுதியிருக்கிறாய். குளம் வெடித்துக் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய்.

ஏழாம் மாதம் வரை காத்திருக்காதே. மழைக்கு முன்னால் அம்மா வீட்டுக்குப் போய்விடு. பாறைக்குளத்துக் கரை கல் பதித்த கரை. நமக்குத் தெரிந்து ஒரு தடவைகூட உடைந்ததில்லை. அங்கே நீ பத்திரமாக இருப்பாய். மாப்பிள்ளையும் மாமியாரும் மழைக்காலத்துக்கு மட்டும் மேட்டுத் தெருவில் இருக்கட்டும். நான் பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை என் பயத்தைக் கேள்.

ஆவாரங்குளத்து மண்ணைப் பற்றி டாக்டர் ஜனவரியில் ஒரு பெரிய கூட்டத்தில் வாசிக்கப் போகிறார். என் பெயரையும் சேர்த்திருக்கிறார்.

அண்ணன்,
கஸ்பார்

*

சேசு மரி சூசை

பாறைக்குளம்
8-9-1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தோத்திரம். அம்மாவும் நானும் சுகம். இன்று ஆரோக்கிய மாதா திருநாள், பூசை கண்டு வந்து எழுதுகிறேன். நீ சொன்னபடி முன்னாலேயே இங்கே வந்துவிட்டேன். உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் மாமியாருக்கு வாசித்துக் காட்டினார். “படிச்ச புள்ள சொன்னா கேக்கணும்” என்று மாமியாரே வண்டி கட்டச் சொல்லிவிட்டார். குழந்தை உதைக்கிறது.

வருவதற்கு முன்னால் பெரியகருப்பனிடம் விசாரித்தேன். அவருக்கு எண்பது வயது. “ஆவாரங்குளத்துக் கரையா? எங்க பாட்டன் காலத்திலகூட ஒடையலையே தாயி” என்றார். இன்னும் ஏதேதோ சொன்னார்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். இந்த மண்ணைப் படிப்பதில் தப்பு வராதா? ஒரு ஊர் மண்ணுக்கும் மூன்று மைல் தள்ளி இருக்கிற இன்னொரு ஊர் மண்ணுக்கும் வித்தியாசம் உன் கண்ணாடியில் தெரியுமா? அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை,
சகாயசெல்வி

*

சேசு மரி சூசை

அலகாபாத்
24-9-1957

அன்புள்ள செல்விக்கும் அம்மாவுக்கும், நான் சுகம். ஒரு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டு: அம்மா, உங்கள் வீடு பத்திரமான வீடு. செல்வியை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். மழை எவ்வளவு பெய்தாலும் அவளை ஆவாரங்குளத்துக்கு அனுப்பாதீர்கள்.

கண்ணாடியில் எல்லாம் தெரியும், செல்வி. வேடிக்கையைக் கேள். முதல் பெட்டியைக் கடைசியாக இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தேன். அதில் சவுக்குப் பூந்தூள்! நம் பக்கத்தில் சவுக்கு ஏது? நான் சின்னப் பையனாகக் கோயிலில் புதுநன்மை வாங்கிய வருடம் அப்பா வேளாங்கண்ணியிலிருந்து நாலு கன்று கொண்டுவந்து நம் கொல்லையில் வைத்தாரே, அதுதான். மேற்குக் காற்று பாறைக்குளத்திலிருந்து அதை மூன்று மைல் சுமந்து உன் வீட்டுக் கொல்லையில் போட்டிருக்கிறது. அப்பா இறந்து எட்டு வருடம், அவர் வைத்த மரத்தை இங்கே பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல்தான் எண்ணிக்கை எடுக்க வேண்டும்.

அண்ணன்,
கஸ்பார்

*

சேசு மரி சூசை

பாறைக்குளம்
9-10-1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தோத்திரம். இருவரும் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக விடவில்லை. குளம் முக்கால் ஆகிவிட்டது. ஜனங்களுக்குச் சந்தோஷம்.

சவுக்கு பற்றி எழுதியிருந்தாய். ஜனவரிக் கூட்டத்துக்கு எல்லாம் எழுதி முடித்துவிட்டார்களா, இன்னும் மாற்ற முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தங்கை,
சகாயசெல்வி

*

அலகாபாத்
19-10-1957

செல்வி,

இன்று காலை எண்ணிக்கை முடிந்தது. மேல் பெட்டியில் நூறு தூளுக்கு அறுபத்து மூன்று சவுக்கு. மூன்று மைல் காற்றில் வந்தால் நூற்றுக்கு இரண்டு இருக்கலாம், மூன்று இருக்கலாம். அறுபது இருக்காது. அதுவும் தனித்தனியாக இல்லை, கொத்தாக, பூவின் பையோடு அப்படியே விழுந்திருக்கிறது. மரத்துக்கு அடியில்தான் அப்படி விழும்.

இது உன் வீட்டு மண் இல்லை. இது அம்மா வீட்டுக் கொல்லை மண்.

நான் உன்னை எங்கே அனுப்பியிருக்கிறேன்? எந்த வீட்டில் உட்கார்ந்து நீ ‘குளம் முக்கால் ஆகிவிட்டது’ என்று எழுதுகிறாய்? ஏன் சொல்லவில்லை? நீ சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதினால் நான் புரிந்துகொண்டிருக்க வேண்டாமா? சவுக்கைப் பார்த்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த நிமிஷமே ஆவாரங்குளத்துக்குப் போ. தந்தி அடித்துவிட்டேன். கடிதம் சேர ஆறு நாள் ஆகும், தந்தி நாளைக்கே வந்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது, செல்வி.

கஸ்பார்

*

சேசு மரி சூசை

பாறைக்குளம்
20-10-1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தோத்திரம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறதுபோல இதை எழுதுகிறேன்.

நீ பெட்டி அனுப்பியபோது எனக்கு மூன்றாம் மாதம். “வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீட்டுல மம்பட்டி எடுக்கக் கூடாது” என்று மாமியார் சொல்லிவிட்டார். இரண்டு தடவை கலைந்த வீடு. என் வீட்டுக்காரரும் தோண்ட மறுத்துவிட்டார். உனக்குக் காரணம் எழுதினால் பிள்ளை விஷயம் வெளியே வந்துவிடும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். “இங்க தோண்டிக்கடி, எல்லாம் மண்ணுதானே” என்றாள். சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில் ஒச்சப்பன் தோண்டினான். பெட்டியில் ஆவாரங்குளம் என்று நீயே ஒட்டியிருந்தாய். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மண்ணில் காற்றையும் பூவையும் பார்க்கப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். என்னை வீட்டை விட்டுக் கிளப்பப் போகிறாய் என்று யார் கண்டது?

கரை உடைப்பு என்று நீ எழுதியதும் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் உன் பெயரை வாசிக்கப் போகிறார்கள் என்றாய். நான் வாயைத் திறந்தால் உன் டாக்டர் முன்னால் உனக்குத் தலைகுனிவு. பெரியகருப்பன் சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதி இது: “பாறைக்குளம்தான் தாயி எங்க அப்பன் சின்னப்பயலா இருக்கையில ஒடஞ்சு நாப்பது உசிரு போச்சாம். அதுக்கப்புறம்தான் கல்லு பதிச்சாக.” அதைக் கேட்ட நாளிலிருந்து நான் தூங்கவில்லை. ஆனாலும் வந்தேன். கல் பதித்த கரை என்று நீ எழுதியிருந்தாய், அதைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாளாக மடைக்குப் பக்கத்தில் கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. முந்தாநாள் தெளிவாக வந்தது. இன்று செம்மண் கரைந்து கலங்கலாக வருகிறது. எனக்கு எட்டாம் மாதம். வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
சகாயசெல்வி

*

அலகாபாத்
29-10-1957

அன்புள்ள செல்விக்கு,

மாப்பிள்ளையின் தந்தி வந்தது. ‘அம்மா காலமானார், செல்வி சுகம், கடிதம் பார்க்க’ என்று இருக்கிறது. உன் இருபதாம் தேதிக் கடிதமும் வந்தது. நான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், எழுந்தால் தலை சுற்றுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் ரயிலேற விடமாட்டேன் என்று செருப்பை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்.

என் தந்தி எப்போது வந்தது? அம்மா ஏன் உன்னோடு வரவில்லை? நடந்ததை நடந்தபடி எழுது. என்னைத் தேற்ற வேண்டாம். ஒன்றையும் மறைக்காதே.

கஸ்பார்

*

சேசு மரி சூசை

ஆவாரங்குளம்
3-11-1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சகாயசெல்வி தோத்திரம். உன் காய்ச்சல் விட்டதா? இங்கே எனக்கு அக்டோபர் முப்பதாம் தேதி, மாதம் முந்தியே ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை சுகம். நேற்று கல்லறைத் திருநாள். தீட்டுக்காரி என்று என்னைப் போகவிடவில்லை, வீட்டுக்காரர் போய் மெழுகுதிரி வைத்து வந்தார்.

நடந்தபடி எழுதச் சொன்னாய். இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் அவர் வண்டியோடு வந்தார். ஓடையில் தண்ணீர் அச்சுவரை ஓடியது, இன்னும் ஒரு மணி நேரம் போனால் கடக்க முடியாது என்றார். என் துணிமணியை அம்மாதான் மூட்டை கட்டினாள். தன் துணியைக் கட்டவில்லை. நீயும் ஏறும்மா என்றேன். அவரும் காலில் விழாத குறையாகக் கேட்டார். வரமாட்டேன் என்றாள். ஆடு இருக்கிறது, கோழி இருக்கிறது என்றாள்.

அண்ணனுக்கு அனுப்பிய மண் இந்த வீட்டு மண்தானே, உனக்குத் தெரியாதா, அவன் இந்த வீட்டுக்குத்தான் ஆபத்து என்று சொல்கிறான் என்று கத்தினேன். அவள் சிரித்தாள். “எந்த வீட்டு மண்ணுன்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அம்புட்டுப் பெரிய கண்ணாடி வச்சுப் பாக்குறான். நீ மண்ணை மாத்தி ஏமாத்தினா அவன் ஏமாந்துருவானாக்கும்? எல்லாம் பாத்துட்டுத்தான், அம்மா உங்க வீடு பத்திரம்னு எழுதியிருக்கான்” என்று இடுப்பிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். என்னை அனுப்பாதே என்றும் நீ எழுதியிருக்கிறாய், ஆனால் புருஷன் கூப்பிடும்போது தான் தடுக்கக் கூடாது என்றாள், போய்ட்டு வா என்று என் நெற்றியில் சிலுவை போட்டாள். நான் வண்டியில் ஏறினேன். அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அவளைக் கோபப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மடைக்குப் பக்கத்தில் கரை போயிற்று. பதினோரு வீடு போயிற்று. அம்மா ஆட்டை அவிழ்க்கக் கொல்லைக்குப் போனதாகப் பக்கத்து வீட்டு புஷ்பமேரி சொன்னாள். சாயங்காலம் கிடைத்தாள். சாமியார் வந்து மந்திரித்து, இருபத்து நாலாம் தேதி அடக்கம் செய்தோம். உன் தந்தி இருபத்தைந்தாம் தேதி வந்தது. ஓடை வடியக் காத்திருந்தேன் என்று தபால்காரர் அழுதார்.

அம்மா உன் கடிதத்தைக் காட்டிச் சொன்னதை மட்டும் எழுதாமல், ஆட்டுக்காக நின்றுவிட்டாள் என்று உனக்கு எழுதிவிடலாம் என்று அவர் சொன்னார். நானும் இரண்டு நாள் அப்படியே நினைத்தேன். இந்த வருடம் முழுக்க உனக்கு நோகும் என்றும் எனக்கு வெட்கம் என்றும் ஒவ்வொன்றாக எழுதாமல் விட்டேன். அதனால் இதை எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
சகாயசெல்வி